கேட்காமலே கேட்பது

லண்டனில் காலை ஐந்தே முக்காலுக்கு பிபிசியின் ரேடியோ 4 நிலையத்தைத் திருப்பினால் விவசாயம் பேசிக்கொண்டிருப்பார்கள். பால் கொள்முதல் விலை, செம்மறியாட்டு மந்தைகளில் பரவும் நோய், மழையால் தள்ளிப்போன விதைப்பு. நிகழ்ச்சிக்கு 'ஃபார்மிங் டுடே' என்று பெயர். கால் மணி நேரம். பிரிட்டனில் விவசாயத்தில் வேலை செய்பவர்கள் மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறமாட்டார்கள். ஆகவே அந்த நேரத்தில் வானொலிக்குக் காது கொடுப்பவர்களில் பெரும்பாலோர் வேறு ஆட்களாகத்தான் இருக்க முடியும்: இரவுப் பணி முடிந்து திரும்பும் செவிலியர், வண்டி எடுக்கக் கிளம்பும் ஓட்டுநர், தூக்கம் பிடிக்காத முதியவர். பால் விலையைச் சொல்லுங்கள் என்று இவர்கள் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கேட்கிறார்கள். தமிழில் 'கேள்' என்ற ஒரே வினை காது கொடுப்பதற்கும், வேண்டும் என்று கோருவதற்கும், வினா எழுப்புவதற்கும் உதவுகிறது. பொது வானொலி என்ற ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள இந்த மூன்று பொருளும் தேவைப்படும்.

பிபிசி 1922இல் வானொலிப் பெட்டி தயாரிப்பாளர்கள் கூடி ஆரம்பித்த கம்பெனி. 1927 ஜனவரி 1 முதல் அரச சாசனத்தின் கீழ் இயங்கும் பொது நிறுவனமாயிற்று. பிரிட்டனுக்குள் அதன் ஒலிபரப்பில் விளம்பரம் கிடையாது. தொலைக்காட்சி பார்க்கும் வீடுகள் கட்டும் உரிமக் கட்டணம்தான் முக்கிய வரும்படி. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டு ஆனது. வானொலிக்கென்று தனி உரிமம் வாங்கும் வழக்கம் 1971இலேயே ஒழிந்துவிட்டதால், வானொலி மட்டும் கேட்பவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. ரேடியோ 4 என்ற பெயர் 1967 செப்டம்பர் 30 அன்று வந்தது. பாட்டு அங்கே அபூர்வம். விடியற்காலையிலிருந்து நள்ளிரவு தாண்டும் வரை பேச்சு, பேச்சு, பேச்சுதான். அதை வாரத்துக்கு ஏறக்குறைய 90 லட்சம் பேர் கேட்கிறார்கள். இந்த நிலையத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏதாவது ஒரு நிகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு புகழ்வார்கள், அல்லது திட்டுவார்கள். என் பார்வையில் நிகழ்ச்சிகளைவிட முக்கியமானது அவற்றைக் கோத்திருக்கும் நூல். ஒரு நாளை எந்த வரிசையில் அடுக்குவது, எந்த மணிக்கு எதை ஊரார் காதில் போடுவது என்ற முடிவை, விற்பதற்கு எதுவும் இல்லாத ஒருவர் எடுக்கிறார். அந்த வரிசைதான் பொது வானொலி தரும் பொதுச் சொத்து என்பது என் வாதம்.

வரிசைக்கு அங்கே எவ்வளவு மரியாதை என்பது மணியடிக்கும்போது தெரியும். மணி மாறுவதற்குச் சற்று முன் ஆறு 'பிப்' ஒலிகள் வரும்: ஐந்து குறுகியவை, ஆறாவது நீளமானது; அந்த நீள ஒலி தொடங்கும் கணம்தான் புதிய மணி. கிரீனிச் வானாய்வகத்தின் தலைவராக இருந்த ஃபிராங்க் டைசனின் யோசனைப்படி 1924 பிப்ரவரி 5 முதல் இது ஒலிக்கிறது. பிப் ஒலியின் மேல் பேசிவிடுவது அறிவிப்பாளருக்கு மானக்கேடு. நாட்டின் நிதியமைச்சரே பேசிக்கொண்டிருந்தாலும், இன்னும் பத்து விநாடி என்று தெரிந்தால் நடுவில் வெட்டிவிடுவார்கள். யாருக்காகவும் நகராத கடிகாரத்தின் முன்னால் அமைச்சரும் மற்றவரும் ஒன்று. (வேடிக்கை என்னவென்றால், டிஜிட்டல் பெட்டியில் கேட்டால் அந்த பிப் சில விநாடி பிந்தி வருகிறது. அதை வைத்து இன்று கைக்கடிகாரம் திருத்த முடியாது.)

ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை 'டுடே'. 1957 அக்டோபர் 28 அன்று ஆரம்பித்தபோது அது காலைக் காப்பிக்குத் தொட்டுக்கொள்ளும் லேசான கதம்பம். அதை நெடுநாள் நடத்திய ஜாக் டி மானியோ மணியைத் தப்பாகச் சொல்வதற்கே பேர்போனவர். பின்னாளில் அதுவே நாட்டின் அரசியல் நாளைத் தொடங்கிவைக்கும் இடமாக மாறியது. எட்டு மணிச் செய்தி முடிந்ததும், எட்டு பத்துக்கு வரும் பேட்டிதான் அதன் நடுநாயகம். பெரும்பாலும் நேரலை, வெட்டி ஒட்ட வழியில்லை. எதிரே இருப்பவர் நழுவினால், நழுவியதும் அப்படியே காற்றில் போகும். 'கேள்' என்பதன் மூன்றாவது பொருள் இங்கே வேலை செய்கிறது: ஊரார் சார்பில் ஒருவர் கேட்கிறார், ஊரார் அதைக் கேட்கிறார்கள்.

அரசுப் பணத்தில் ஓடும் வானொலி அரசுக்கு ஊதுகுழலாகத்தானே இருக்கும் என்பது முதல் ஆட்சேபம். நம் நாட்டு அனுபவத்தில் இது நியாயமான சந்தேகம். 2012 நவம்பர் 10, சனிக்கிழமை காலை எட்டு பத்துக்கு நடந்ததை இதற்கு எதிரே வைக்கலாம். எட்டு நாள் முன்பு பிபிசி தொலைக்காட்சியின் 'நியூஸ்நைட்' ஒரு பாலியல் கொடுமை வழக்கைப் பற்றிச் செய்தி வெளியிட்டிருந்தது. பெயர் சொல்லவில்லை, ஆனால் இணையத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு முன்னாள் அரசியல்வாதியின் பெயர் அடிபட்டு, கடைசியில் செய்தியே தவறு என்று ஆகிவிட்டது. அன்று காலை பேட்டிக்கு வந்து உட்கார்ந்தவர் பிபிசியின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் என்ட்விஸ்டில். கேட்டவர் அதே பிபிசியின் ஜான் ஹம்ஃப்ரிஸ். இப்படி ஒரு செய்தி வரப்போகிறது என்று உங்கள் காதில் யாருமே போடவில்லையா, இணையம் முழுக்கப் பேச்சாக இருந்ததே பார்க்கவில்லையா, செய்தி தவறு என்று பத்திரிகையில் வந்ததைக்கூடப் படிக்கவில்லையா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள். இல்லை, இல்லை, இல்லை என்பதுதான் பதில்களின் சாரம். தன் முதலாளியை அவர் நடத்தும் வானொலியிலேயே ஒரு நெறியாளர் வறுத்தெடுத்ததை நாடு காலை உணவோடு கேட்டது. அன்று இரவே என்ட்விஸ்டில் பதவி விலகினார். பதவியில் இருந்தது 54 நாள்.

இந்த ஒரு காலையைக் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது. எதிர்ப்பக்கச் சான்றுகளும் கனமானவை. 1926இல் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது, பிபிசியின் முதல் தலைவர் ஜான் ரீத் எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டை ஒலிவாங்கி முன் உட்காரவிடவில்லை. நிலையத்தையே அரசு கைப்பற்ற வேண்டும் என்றார் சர்ச்சில்; அதைத் தவிர்க்க ரீத் அரசுக்கு வளைந்து கொடுத்தார். 2003 மே 29 அன்று காலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்கு 'டுடே' நிகழ்ச்சியில் ஆண்ட்ரூ கில்லிகன் என்ற செய்தியாளர், இராக்கின் ஆயுதங்கள் பற்றிய அரசு ஆவணம் தெரிந்தே மிகைப்படுத்தப்பட்டது என்ற பொருள்பட, எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினார். அவருக்குத் தகவல் தந்த விஞ்ஞானி டேவிட் கெல்லி சில வாரங்களில் இறந்தார். 2004 ஜனவரியில், அந்த மரணத்தை விசாரித்த நீதிபதி ஹட்டனின் அறிக்கை பிபிசியைக் கடுமையாகச் சாட, நிறுவனத் தலைவரும் தலைமை இயக்குநரும் அடுத்தடுத்து விலகினார்கள். அந்தக் காலைச் சொற்கள் பொறுப்பில்லாதவை. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இராக் போரை விசாரித்து 2016இல் வந்த சில்கட் அறிக்கை, அந்த உளவுத் தகவல்கள் அவற்றுக்கு உரியதல்லாத உறுதியோடு மக்கள் முன் வைக்கப்பட்டன என்று சொன்னது. சொல் தவறியிருந்தாலும் கேட்ட கேள்வி சரியானது. அரசின் கையில் கடிவாளம் இருப்பதும் உண்மைதான்: கட்டணம் எவ்வளவு என்று முடிவெடுப்பது அரசு, இப்போதைய சாசனம் 2027 இறுதியில் காலாவதியாகி, பேரம் மறுபடி ஆரம்பமாகும். சுதந்திரம் அங்கே வரமாகக் கிடைத்ததல்ல. ஒவ்வொரு காலையும் எட்டு பத்துக்கு மறுபடி மறுபடி நிரூபிக்க வேண்டியதாக இருக்கிறது.

இதே விதை இந்திய மண்ணிலும் ஊன்றப்பட்டதுதான். பிபிசியிலிருந்து 1935இல் வந்த லயனல் ஃபீல்டன் பொறுப்பேற்ற சேவைக்குத்தான் 1936 ஜூன் 8 அன்று ஆல் இந்தியா ரேடியோ என்று பெயர் மாறியது. பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு வர 1997 ஆயிற்று. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க இன்றும் அனுமதியில்லை; ஆகாசவாணியின் செய்தியறிக்கையை உள்ளது உள்ளபடி எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவே. வானொலி என்றால் பாட்டு என்று நாம் பழகிப்போனதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. கேள்வி கேட்கும் வானொலியை நம் காதுகள் சந்தித்ததே குறைவு.

லண்டன் நாளுக்குத் திரும்பலாம். எட்டு பத்தின் சூடு ஆறியதும் பேச்சின் தினுசு மாறுகிறது. வியாழக்கிழமை காலைகளில் வரும் 'இன் அவர் டைம்' 1998இல் தொடங்கியது. மெல்வின் பிராக் 2025இல் விடைபெறும் வரை ஆயிரம் பகுதிகளுக்கு மேல் நடத்தினார். மூன்று பேராசிரியர்கள், ஒரு தலைப்பு, ஏறக்குறைய முக்கால் மணி நேரம். ஒரு வாரம் அசோகர், ஒரு வாரம் ஒளிச்சேர்க்கை, ஒரு வாரம் பகவத் கீதை. பத்து மணிக்கு 'உமன்ஸ் அவர்': 1946இல் ஆரம்பித்தபோது பெண்களுக்கான அந்த நிகழ்ச்சியை நடத்தக் கிடைத்தவர் ஆலன் ஐவிமி என்ற ஆண். அந்த ஒரு தகவல் போதும், நிகழ்ச்சி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதைக் காட்ட. ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் செய்தி அலசல்கள். ஆறு மணிக்கு பிக் பென் கடிகாரத்தின் மணியோசையோடு அரை மணி நேரச் செய்தியறிக்கை.

ஏழு மணிக்கு 'தி ஆர்ச்சர்ஸ்'. கற்பனைக் கிராமம் ஒன்றின் கதை. 1951 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கக் கேட்கிறது. போர் முடிந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகியும் உணவுப் பங்கீட்டு அட்டை ஒழியாத காலம் அது. விளைச்சலைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளிடம் கொண்டுசேர்க்க வேண்டும். துண்டறிக்கை போட்டால் படிக்கமாட்டார்கள், கதையாகச் சொன்னால் கேட்பார்கள் என்று வேளாண் அமைச்சகத்தின் ஆலோசனையோடு கட்டிய தொடர். (தஞ்சாவூர்ப் பக்கம் 1960களில் ஆடுதுறை 27 நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் விழுந்ததும் இதே வித்தையால்தான், அந்த ரகத்தை உழவர்கள் வானொலி வழியாக அறிந்துகொண்டார்கள்.) காலப்போக்கில் விதை, உரம் போய் வேறு பாடங்கள் உள்ளே வந்தன. மனைவியிடமிருந்து பணம், உடை, நண்பர்கள் என்று ஒவ்வொன்றாகப் பறித்து அடக்கியாளும் கணவனை அந்தத் தொடர் மாதக்கணக்கில், கேட்பவருக்கு மூச்சுமுட்டும்படி வளர்த்துச் சென்றது. அத்தகைய அடக்குமுறையைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இங்கிலாந்தில் 2015 டிசம்பர் இறுதியில்தான் நடைமுறைக்கு வந்திருந்தது. கதை 2016இல் உச்சத்துக்குப் போனது. கேட்டவர்கள் நிதி திரட்ட, பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்புக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. குடும்ப வன்முறை பற்றிய விவரணப்படம் என்று அறிவித்திருந்தால் எத்தனை பேர் தேடிப் போய்க் கேட்டிருப்பார்கள்? பாத்திரம் கழுவிக்கொண்டே வழக்கமான கிராமத்துக் கதையைக் கேட்க வந்தவர்களைத்தான் அது பிடித்தது.

எல்லாம் சரி, கைபேசியில் வேண்டியதை வேண்டிய நேரத்தில் கேட்க முடிகிற காலத்தில் அட்டவணை எதற்கு என்று அடுத்த ஆட்சேபம் வரும். இதுதான் மிகவும் வலுவானது. பிபிசியே தன் நிகழ்ச்சிகளைச் செயலியில் கொட்டி வைத்திருக்கிறது. தமிழில் 1941 மே 3 அன்று தொடங்கிய பிபிசி தமிழோசையும் 2017 ஏப்ரல் 30 அன்று தன் வானொலிக் குரலை நிறுத்திக்கொண்டு இணையத்துக்குப் போய்விட்டது. வசதியைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் இரண்டு விஷயங்கள் கவனத்தில் இருக்கட்டும். செயலியில் தேடி எடுக்கும் அந்த ஒளிச்சேர்க்கை உரையாடல் எப்படிப் பிறந்தது? யாரும் கோராத தலைப்பை வியாழக்கிழமைக் காலையில் வைக்கத் துணிந்த அட்டவணையிலிருந்து பிறந்தது. எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற கணக்கில் தலைப்பைத் தேர்ந்திருந்தால் கிடங்கில் அது இருந்தே இருக்காது. நாம் விரும்பி எடுப்பதெல்லாம், முன்பே ஒருவர் விருப்பு பாராமல் விதைத்ததன் அறுவடை. இரண்டாவது, ஒரே நேரம் என்பதற்கு ஒரு வலு உண்டு. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் தமிழோசை வரும் இரவு வேளைக்காகத் தமிழ் வீடுகள் காத்திருந்தன. அண்டை வீட்டிலும் அதையே கேட்கிறார்கள் என்ற நினைப்பு, அந்தச் செய்தியின் ஒரு பகுதியாகவே இருந்தது. தனித்தனியாகக் கேட்ட ஆயிரம் பேரைவிட, சேர்ந்து கேட்ட நூறு பேர் மறுநாள் தெருவில் பேசிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

நடுநிலை என்ற பெயரில் பொய்க்கும் மெய்க்கும் சரிபாதி நேரம் கொடுக்கிறார்கள் என்பது இன்னொரு புகார், அதுவும் ஆதாரமுள்ள புகார். 2017 ஆகஸ்டில் 'டுடே' நிகழ்ச்சியில் முன்னாள் நிதியமைச்சர் நைஜல் லாசன் பருவநிலை பற்றித் தவறான தகவல்களை அடுக்கினார்; பேட்டி கண்டவர் மறுக்காமல் விட்டார். பிபிசி தன் தவறை ஒப்புக்கொண்டது. கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காம் 2018இல் விதிமீறல் என்று தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு, பருவநிலை பற்றிய செய்திக்கு மறுப்பாளரைத் தேடிப் பிடித்து எதிரே உட்கார வைக்கத் தேவையில்லை என்று பிபிசி தன் செய்தியாளர்களுக்கு வழிகாட்டியது. தாமதம் என்பேன், மிகவும் தாமதம். அதே நிலையத்தில்தான் அரசியல்வாதிகள் அள்ளிவிடும் எண்களைப் பிரித்து மேயும் 'மோர் ஆர் லெஸ்' 2001 முதல் வருகிறது. அதன் கண்ணுக்கு பிபிசியின் செய்திகளும் தப்புவதில்லை. நாளின் வரிசை நீளமாக இருப்பதன் பயன் இதுதான். காலையில் சறுக்கியதை வேறொரு மணியில் வேறொருவர் பிடிக்க முடிகிறது.

இது படித்த, வசதியான, லண்டன் சார்ந்த முதியவர்களின் நிலையம் என்ற குற்றச்சாட்டுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கேட்பவர்களின் சராசரி வயது ஐம்பதைத் தாண்டியது. நிகழ்ச்சிகளின் உச்சரிப்பும் அக்கறைகளும் ஒரு வர்க்கத்தின் சாயலோடு இருப்பதைக் காது உள்ளவர் எவரும் உணர்வார். ஆனால் இதற்கு மருந்து, வரிசையைத் திறந்து இன்னும் பல குரல்களை உள்ளே விடுவது. ஆளுக்கொரு அலைவரிசை என்று பிரித்துவிட்டால், வசதியானவருக்கு வசதியற்றவரின் பேச்சு காதில் விழும் வாய்ப்பும் போய்விடும்.

இரவு பதினொன்றரைக்கு 'டுடே இன் பார்லிமென்ட்'. இரு அவைகளிலும் அன்று நடந்ததன் சுருக்கம். 1945 முதல் வருகிறது; நாடாளுமன்ற நடப்பை நாள்தோறும் நடுநிலையோடு சொல்ல வேண்டும் என்பது அரசோடு பிபிசி செய்துகொண்ட உடன்படிக்கையிலேயே இருக்கிறது. அந்த நேரத்தில் எத்தனை பேர் விழித்திருந்து கேட்பார்கள் என்று கணக்குப் பார்த்தால் எந்த வணிக நிலையமும் அதை ஏற்றுக்கொள்ளாது.

நள்ளிரவுச் செய்தியும் ஒரு புத்தக வாசிப்பும் முடிந்தபின், பன்னிரண்டு நாற்பத்தெட்டுக்குக் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை. அதற்கு முன் 'செய்லிங் பை' என்ற தாலாட்டும் மெல்லிசை. பிரிட்டனைச் சூழ்ந்த கடல் 31 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. வைகிங்கில் தொடங்கி வலஞ்சுழியாக ஒவ்வொரு பெயரும் வரும். காற்றின் திசை, வேகம், மழை, கடைசியாகப் பார்வைத்தூரம். வினைச்சொல் இல்லாத, ஏற்ற இறக்கம் இல்லாத வாசிப்பு. நானூறு சொல்லுக்குள் முடிந்துவிட வேண்டும். அவற்றுள் ஒரு பகுதிக்கு 2002இல் ஃபிட்ஸ்ராய் என்று பெயர் வைத்தார்கள்: டார்வினை ஏற்றிச் சென்ற 'பீகிள்' கப்பலின் தலைவர், பின்னாளில் பிரிட்டனின் வானிலைத் துறையை நிறுவி, கப்பல்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையைத் தொடங்கியவர். இன்று கப்பல்களுக்குச் செயற்கைக்கோள் வழியே எல்லாம் வந்துவிடுகிறது; அறிக்கைகளின் எண்ணிக்கையும் 2024இல் குறைக்கப்பட்டது. ஆனால் 1995இல், இந்த நடுநிசி அறிக்கையைப் பன்னிரண்டே நிமிடம் தள்ளிவைக்கலாம் என்று நிலையம் யோசித்தபோது பத்திரிகைகள் கோபமாகத் தலையங்கம் எழுதின, நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்தது. எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் படுக்கையில் கிடந்தபடி கேட்டவர்கள். வைகிங் கடலில் எந்தப் பக்கம் காற்றடித்தால் அவர்களுக்கு என்ன? யோசனையை நிலையம் கைவிட்டது.